ஆண்கள் தனியாகப் பயணம் போகும்போது பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை என்னென்ன?

முதல் தடவை தனியாகக் கிளம்புகிறீர்கள், பத்து நாள் பயணம், எதை எடுப்பது எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பொருட்களுக்கு முன்னால் பையைப் பற்றிப் பேசிவிடுகிறேன். என் முதல் தனிப் பயணத்தில் நான் சொதப்பியது அங்கேதான்.

நான்கு சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு போனேன். ரயிலை விட்டு இறங்கியதும் அவசரமாகக் கழிப்பறை. கதவைத் திறந்தால் பெட்டி உள்ளே நுழையவில்லை. வெளியே விட்டுப் போக மனசு வரவில்லை. "கொஞ்சம் பாத்துக்க" என்று சொல்லக் கூட ஆள் கிடையாது. பெட்டியைக் கதவில் பாதி செருகி, கைப்பிடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு... சரி, மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கழிப்பறைக்குள் என்னோடு வர முடியாத பை எனக்கு வேண்டாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

35 முதல் 40 லிட்டர் முதுகுப்பை பத்து நாளுக்குத் தாராளம். இடுப்பில் மாட்டும் பட்டை இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். பாரத்தில் பெரும்பகுதி தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும். கனமான சாமான்களை முதுகை ஒட்டி நடுவில் வைக்க வேண்டும். அடியில் போட்டால் பை உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதிக்கின்றன, அதையே உச்சவரம்பாக வைத்துக்கொள்ளலாம்.

துணி விஷயத்தில் பத்து நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் கணக்கு ஒன்றுதான். போட்டிருப்பது போக இரண்டு செட், உள்ளாடையும் சாக்ஸும் மட்டும் நாலைந்து. மீதியைத் துவைத்துப் போட வேண்டியதுதான். பருத்தி உடம்புக்குச் சுகம், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஜீன்ஸ் அதைவிட மோசம், மறுநாள் மாலையிலும் இடுப்புப் பகுதி சில்லென்று இருக்கும். பாலியெஸ்டர் கலந்தது ராத்திரி துவைத்தால் பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும். சீக்கிரம் காய ஒரு வழி: பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டின் மேல் விரித்து, இரண்டையும் சேர்த்து இறுக்கமாகச் சுருட்டி, மேலே ஏறி நன்றாக மிதியுங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும்.

ஆண்கள் வெளியே சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: தொடை உரசல். ஒரு நாளைக்கு பதினைந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள், சாயங்காலம் கால்களை அகட்டி வைத்து நடப்பீர்கள். சின்ன டப்பா வாஸ்லின், தொடை வரை நீளும் உள்ளாடை, இரண்டும் இருந்தால் தப்பித்தீர்கள்.

இனி மருந்து. இதில்தான் நம் ஆட்களுக்கு அலட்சியம் அதிகம். "அங்கே போய் வாங்கிக்கலாம்" என்போம். தெரியாத ஊரில் மூன்றாம் மாடி அறையில், ராத்திரி இரண்டு மணிக்கு, 102 டிகிரி காய்ச்சலோடு ஒருமுறை படுத்திருந்தேன். மருந்துக்கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் படி இறங்கிப் போக உடம்பில் தெம்பில்லை. வாங்கி வரவும் கூட யாருமில்லை. அதனால் பாராசிட்டமால், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் நாலு, ஒவ்வாமை மாத்திரை, பிளாஸ்டர், தெர்மாமீட்டர் இவை என் பையின் மேல் அறையில் எப்போதும் இருக்கும். பொட்டலம் தீர்ந்தால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரை தேக்கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு வையுங்கள். வெளிநாடு என்றால் போகுமுன் அந்நாட்டு விதியைப் பார்ப்பது நல்லது. ஜப்பானுக்குள் சூடோஎஃபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்துப்பொருள் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்தைக் கொண்டுபோகவே முடியாது.

அடுத்தது செல்போன். வரைபடம், டிக்கெட், பணம், ஓடிபி எல்லாம் அதற்குள்தான். அது தொலைந்தால் பக்கத்தில் இருப்பவர் போனை வாங்கிப் பேசுவதற்குக்கூட வீட்டு எண் மனப்பாடமாகத் தெரியாது. தாளில் நாலு எண்கள், தங்குமிட முகவரி, ரத்த வகை, மின்னஞ்சல் கணக்குக்கான மாற்றுக் குறியீடுகள் (போன் இல்லாதபோதும் கணக்குக்குள் நுழைய உதவும் பேக்கப் கோடுகள்) எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளும் ஒரு வங்கி அட்டையும் கொஞ்சம் ரொக்கமும் பையின் அடியில். இன்னொரு அட்டை பர்ஸில். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்று இருப்பதற்குச் சமம்.

பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், சரக்கில் போடக்கூடாது. 100 வாட்-அவர் வரை தனி அனுமதி வேண்டாம். 20,000 எம்ஏஎச் என்றால் 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வாட்-அவர் வரும், கவலையில்லை. ஆனால் இந்த அளவைக் குறிக்கும் எழுத்து பவர் பேங்கின் மேல் தெரிய வேண்டும். என்னுடையதில் அழிந்து போயிருந்தது. பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், திருப்பித் தரவில்லை.

ரேசர் பற்றியும் பலர் குழம்புவார்கள். தனியாகக் கழற்றி மாட்டும் பிளேடு கைப்பையில் கூடாது, பயன்படுத்தித் தூக்கி எறியும் ரேசருக்குப் பொதுவாகத் தடையில்லை. நான் டிரிம்மரோடு நிறுத்திக்கொண்டேன். அதன் சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள். பிளக் அடாப்டர் முனையின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது.

பல வேலை பார்க்கும் மடக்குக் கத்தி வாங்க ஆசை வரும். எனக்கும் வந்தது. ஐந்து வருடத்தில் ஒரு பாட்டில் மூடி திறந்ததோடு சரி. அதற்குப் பதில் கதவுக்கு அடியில் செருகும் ரப்பர் ஆப்பு வாங்குங்கள். தாழ்ப்பாள் ஆடும் அறையில் நிம்மதியாகத் தூங்கலாம். ஆண்களுக்கு எதற்கு என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் பையை முழுசாகக் கட்டி மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள், படிக்கட்டு இருந்தால் இரண்டு மாடி ஏறுங்கள். திரும்பி வந்ததும் உங்கள் கை தானாகவே சிலதை எடுத்து வெளியே வைக்கும். போன தடவை என்னிடமிருந்து வெளியே வந்தவை ஒரு ஜோடி ஷூ, இரண்டு தடிமனான புத்தகங்கள், அப்புறம் அந்த மடக்குக் கத்தி.