சிகரெட் பொட்டலத்துக்குள் வந்த வீரர்கள்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பழைய பேஸ்பால் அட்டை 2022இல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றதாம். சிகரெட்டோடு இலவசமாக வந்த அட்டை அது என்கிறான் என் மகன். விளையாட்டுக்கும் சிகரெட்டுக்கும் என்ன சம்பந்தம்?
- ஒரு வாசகி, தொண்டி

பதில்: மகன் சொன்னது சரிதான், அம்மா. 1880களில் அங்கே சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது. சட்டைப்பையில் வைத்தால் நசுங்கிவிடும். அதைத் தடுக்க உள்ளே ஒரு அட்டையைச் செருகினார்கள். பிறகு அதில் நடிகைகள், குத்துச்சண்டைக்காரர்கள், பேஸ்பால் வீரர்கள் என்று படம் போட ஆரம்பித்தார்கள். 1881இல் காப்புரிமை பெற்ற, பான்சாக் என்பவரின் சிகரெட் இயந்திரம் ஒரே நாளில் லட்சத்துக்கும் மேல் சிகரெட் சுருட்டியது. அத்தனையும் விற்றாக வேண்டுமே! ஐம்பது படத்தில் ஒன்று குறைந்தால், அதற்காகவே இன்னொரு பொட்டலம் வாங்குவார்கள்.

இது எப்படி வேலை செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாம்பனில் நான் சிறுவனாக இருந்தபோது, ராமேசுவரம் போகும் பயணிகள் ஸ்டேஷனில் வீசிவிட்டுப் போகும் காலி சிகரெட் பெட்டிகளுக்கு அடித்துக்கொள்வோம். மணலில் வட்டம் போட்டு, நடுவில் அந்தப் பெட்டிகளின் அட்டைகளை அடுக்கி, ஓட்டுச் சில்லால் அடிப்போம். வட்டத்தைத் தாண்டி விழுந்த அட்டை அடித்தவனுக்குச் சொந்தம். வெளிநாட்டு அட்டைக்கு ஆயிரம், உள்ளூர் அட்டைக்கு ஐம்பது என்று மதிப்பு வைத்திருந்தோம். உப்புக்காற்றில் ஊறி ஓரம் பிரிந்த அட்டையை யாரும் வாங்கமாட்டார்கள். பத்து வயதில் ஒரு சிகரெட்டையும் தொட்டதில்லை. ஆனால் எல்லாச் சிகரெட்டின் பெயரும் நிறமும் எனக்கு மனப்பாடம். கம்பெனிக்கு வேண்டியது அதுதான்.

உங்கள் மகன் சொன்னது ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை. 1909 முதல் 1911 வரை வந்த ஒரு தொகுப்பில் அதுவும் ஒன்று. முன்பக்கம் வீரர், பின்பக்கம் பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல் என்று சிகரெட்டின் பெயர். தன் படத்தை நிறுத்தச் சொன்னார் வாக்னர். பிள்ளைகள் படத்துக்காகப் புகையிலை வாங்கக் கூடாது என்பதால் என்கிறார்கள் சிலர். பணம் தராததால் என்கிறார்கள் வேறு சிலர். எப்படியோ, மிகச் சில அட்டைகளே வெளியே வந்தன. விலை ஏறியது அதனால்தான்.

ஐந்நூறுக்கும் மேற்பட்ட அட்டைகள் உள்ள அந்தத் தொகுப்பில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. கறுப்பினத்தவரான ஃப்ளீட்வுட் வாக்கர் 1884இலேயே பெரிய லீக்கில் டொலீடோ அணிக்கு ஆடியவர். அதற்குப் பிறகு கறுப்பினத்தவருக்கு அந்தக் கதவைச் சாத்தியவர்கள், 1947இல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் வரும்வரை திறக்கவில்லை. விலையைச் சொன்ன மகனிடம் இதையும் சொல்லுங்கள்.