க்யூரிங் வேலை என்றால் அடுப்படியில் நிற்கிற வேலையா?

மெக்கானிக்கல் முடிக்கும் மகளுக்குக் காம்போசிட் (இழையும் ரெசினும் சேர்ந்த பொருள்) நிறுவனத்தின் க்யூரிங் (ரெசினை இறுக வைக்கும்) பிரிவில் பயிற்சிப் பணி வந்திருக்கிறது. “பாகத்தைச் சூடாக்கி எடுக்கவா பி.இ. படிக்க வைத்தேன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேரட்டும் ஐயா. ஆனால் அங்கே எந்த முறையில் க்யூர் செய்கிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள்.

கார்பன் இழையோ கண்ணாடி இழையோ, அதைப் பிடித்து நிறுத்துவது ரெசின் என்ற பிசின். அது இறுகும் சில மணி நேரத்தில்தான் பாகத்தின் பலம் முடிவாகிறது. பிறகு திருத்த வழி கிடையாது.

கையால் பூசி அறை வெப்பத்தில் இறுகவிடும் பாலியெஸ்டர் வேலை என்றால், ஓராண்டுக்கு மேல் கற்க அதிகம் இருக்காது. ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரீன் வாடையை வெளியேற்ற எக்ஸாஸ்ட் இருக்கிறதா என்று நேரில் பாருங்கள். ரெசின் இறுகச் சேர்க்கும் கோபால்ட் முடுக்கியையும் எம்இகேபி என்ற பெராக்சைடு கேட்டலிஸ்ட்டையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்கு கலக்கிய பிறகே மற்றது. வேக்குவத்தால் ரெசினை இழுத்து நிரப்பும் இன்ஃப்யூஷன், காற்றாலை இறக்கைகளுக்கான முறை. அதில் வேலைவாய்ப்பு நன்றாக உண்டு.

ஆட்டோகிளேவ் (வெப்பமும் அழுத்தமும் சேர்த்துத் தரும் மூடிய கலம்) என்றால் யோசிக்கவே வேண்டாம். தேஜஸ் விமானத்தின் கார்பன் பாகங்கள் இந்த வழியில் வந்தவை. மைனஸ் 18 டிகிரியில் வைத்திருந்த ப்ரீப்ரெக்கை (ரெசின் ஊறிய இழைத் துணி) அடுக்கி, காற்றுப் புகாத பையால் மூடி வேக்குவம் பிடித்து, நிமிடத்துக்கு 1 முதல் 3 டிகிரி வரை ஏற்றி, 180 டிகிரியில், 7 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2 மணி நேரம் நிறுத்துவார்கள். தீப்பிடிக்காமலிருக்க உள்ளே நைட்ரஜன்.

திறமைக்கு வேலை இருப்பது இரண்டு இடங்களில். ஒன்று, பை. கதவை மூடுமுன் பம்ப்பைத் துண்டித்துவிட்டு வேக்குவம் கேஜைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் கசிவு. பெரும்பாலும் மடிப்பு மூலையிலோ, வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பி, பையின் ஓரத்தை ஒட்டும் சீலன்ட் டேப்பைக் கடக்கும் இடத்திலோதான் இருக்கும். கவனிக்காமல் விட்டால் நைட்ரஜன் பைக்குள் புகுந்துவிடும், பாகத்தின்மேல் அழுத்தம் விழாது, அடுக்குகளுக்கிடையே காற்றுக்குமிழி தங்கும். இன்னொன்று, நேரக் கணக்கு. கனமான மோல்டு மெதுவாகத்தான் சூடேறும். எல்லாவற்றுக்கும் பிந்திச் சூடேறும் தெர்மோகப்பிள் 180-ஐத் தொட்ட பிறகே அந்த 2 மணி நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். முந்தியதை நம்பினால் தடித்த பகுதி அரைகுறையாக நிற்கும், கண்ணுக்கும் தெரியாது.

நேர்முகத்தில் மாணவர்கள் தடுமாறும் கேள்வி: “சீக்கிரம் இறுக ஹார்டனரைக் கூட்டலாமா?” பாலியெஸ்டரில் கேட்டலிஸ்ட்டை 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைக்கலாம். எப்பாக்ஸியில் கூடவே கூடாது. அங்கே ஹார்டனர் மூலக்கூறு வலையின் ஒரு பகுதி. மிஞ்சியது வினைபுரியாமல் தங்கிப் பாகத்தை மென்மையாக்கும்.

விடுமுறையில் கல்லூரி லேபிலேயே பழகலாம். எல்ஒய்556 எப்பாக்ஸி ரெசின், எச்ஒய்951 ஹார்டனர், எடைக்கு 10:1. கப்பில் ஒரேயடியாக நிறையக் கலந்தால் சூடேறிப் புகையும், சிறிது சிறிதாகவே கலக்கட்டும். இரண்டு கண்ணாடி இழைத் தகடுகள் செய்து, ஒன்றை மட்டும் ஓவனில் 80 டிகிரியில் போஸ்ட் க்யூர் (இறுகிய பின் மீண்டும் சூடாக்குதல்) செய்து, இரண்டையும் வளைவுச் சோதனையில் ஒப்பிட்டால் ப்ராஜெக்ட்டுக்கே ஆயிற்று.

ரெசின் வேதியியல் போதவில்லை என்று மகள் நினைத்தால், கிண்டியில் உள்ள மத்திய பிளாஸ்டிக் பயிற்சி நிறுவனமான சிப்பெட்டில் என்ன பயிற்சிகள் இருக்கின்றன என்று விசாரிக்கலாம். வேலையில் சேர்ந்தபின் அல்ட்ராசோனிக் சோதனையில் (ஒலி அலையால் பாகத்தின் உட்குறை காண்பது) லெவல் 2 சான்றிதழ் வாங்கட்டும், தரப் பிரிவுக்கும் வழி திறக்கும். கையெழுத்துப் போடுமுன் எச்.ஆரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: முதல் ஆண்டிலேயே லே-அப் (இழை அடுக்குதல்), க்யூரிங், சோதனை மூன்றிலும் மாற்றி மாற்றிப் போடுவார்களா, இல்லை ஒரே இயந்திரத்திலேயே நிறுத்திவிடுவார்களா?