புதிய உல்லாசப் படகின் விலை ஏன் இப்படி ஏறிவிட்டது? காத்திருந்தால் இறங்குமா?

இறங்காது. அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போகலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வி என்னைக் குத்திவிட்டது.

கேட்டவரின் நிலைமை எனக்குத் தெரிந்த மாதிரியே இருக்கிறது. கொரோனாவுக்கு முன்னால் ஒரு படகைப் பார்த்து, விலை விசாரித்து, 'அடுத்த வருடம் வாங்கலாம்' என்று ஒத்திப் போட்டிருப்பீர்கள். இப்போது அதே நீளப் படகுக்குச் சொல்லும் தொகையைக் கேட்டுத் தலை சுற்றியிருக்கும். வீட்டில் யாராவது ஒருவர் 'அப்பவே வாங்கியிருக்கலாமே' என்று சொல்லியிருப்பார். அவர் அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னவராகவும் இருக்கலாம்.

இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் எழுதிய பலர் 'கம்பெனிக்காரர்களின் பேராசை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். பேராசை இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் பேராசை 2019-லும் இருந்தது. அப்போது இந்த அளவுக்கு ஏறாத விலை பிறகு ஏன் ஏறியது?

2020-ல் ஊரடங்கு. விமானம் இல்லை, ஹோட்டல் இல்லை. கூட்டத்தை விட்டு விலகி இருக்கத் தண்ணீரை விட நல்ல இடம் எது? கையில் காசு இருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் படகு கேட்டார்கள், தொழிற்சாலைகளோ மூடிக் கிடந்தன. திறந்த பிறகும் வேகமாகச் செய்ய முடியவில்லை, ஏனென்றால் படகு கார் மாதிரி ரோபோ வரிசையில் வருவது கிடையாது. அச்சில் முதலில் ஜெல்கோட் என்ற வழவழப்பான வெளிப்பூச்சை அடிப்பார்கள். அது இறுகியதும் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றி, ஆள் நின்று ரோலரால் காற்றுக்குமிழியை வெளியே தள்ளுவார். அப்புறம் அடுத்த பாய், மறுபடி ரெசின். ஒரு குமிழி உள்ளே நின்றுவிட்டால் பின்னால் அங்கேதான் பிரச்சினை வரும். இந்தக் கைவேலைக்குப் பழகிய ஆட்களை ஒரே மாதத்தில் தயார் செய்ய முடியாது. புது மாடலுக்கு அச்சு செய்யும் செலவும் பெரியது. கார் என்றால் அந்தச் செலவை லட்சக்கணக்கான வண்டிகள் பங்கு போட்டுக்கொள்ளும், படகில் சில நூறு பேர் தலையில் விழும்.

அந்த நேரம் பார்த்து 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் கடும் உறைபனி. ரெசினுக்கு மூலப்பொருள் தரும் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் ஒரே நேரத்தில் நின்றுபோயின. எஞ்சினுக்கும் திரைகளுக்கும் வேண்டிய சிப் தட்டுப்பாடும் அதே வருடம். அலுமினியத்தைக் கேட்கவே வேண்டாம். 2020-ன் முற்பகுதியில் லண்டன் உலோகச் சந்தையில் டன் 1500 டாலர் அளவுக்கு இறங்கிக் கிடந்தது, உக்ரைன் போர் தொடங்கியதும் 2022 மார்ச்சில் 4000 டாலரைத் தொட்டுவிட்டது.

இது வரைக்கும் நியாயம்தான். ஆனால் அதே 2022 முடிவதற்குள் அலுமினியம் மளமளவென்று இறங்கியது. ரெசின் தட்டுப்பாடும் தீர்ந்தது. படகு விலை இறங்கியதா? ஏறும்போது மூலப்பொருளைக் காட்டுவார்கள், மூலப்பொருள் இறங்கினால் சம்பளத்தைக் காட்டுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் கொடுமை, ஏற்றிய சம்பளத்தை யாரும் திரும்பக் குறைப்பதில்லையே.

எஞ்சின் கதை தனி. பழைய டூ ஸ்ட்ரோக் கார்புரேட்டர் அவுட்போர்டு, அதாவது படகின் பின்பக்கம் வெளியே தொங்கும் எஞ்சின், எளிமையான சாமான், பெட்ரோலில் ஒரு பகுதியை எரிக்காமலே தண்ணீரில் விட்டுவிடும். 1996-ல் அமெரிக்கா புகை விதிகளைக் கொண்டுவந்து 1998-லிருந்து 2006 வரை படிப்படியாக இறுக்கியது, ஐரோப்பாவிலும் இறுகியது. இன்று கிடைப்பதெல்லாம் அநேகமாக ஃபோர் ஸ்ட்ரோக், எலக்ட்ரானிக் ஃபியூல் இன்ஜெக்‌ஷன். சத்தமில்லை, நீலப் புகை இல்லை, எண்ணெய் கலக்கும் வேலை இல்லை. இதற்குக் கூடுதலாகக் கொடுக்க எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் தயாரிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். எவின்ரூட் என்ற பெயரில் வந்த அவுட்போர்டு எஞ்சினை 2020 மே மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். பெரிய எஞ்சினில் இப்போது விரல் விட்டு எண்ணக்கூடிய பெயர்கள்தான். மெர்க்குரி கம்பெனி 2021-ல் 600 குதிரைத்திறன் வி12 அவுட்போர்டு கொண்டுவந்தது, எடை 500 கிலோவுக்கு மேல். ஆராய்ச்சிப் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று இதிலிருந்தே தெரியும். நீங்களும் நானும் கேட்கும் சின்ன எஞ்சின் பக்கம் போகவில்லை.

அதுதான் நான் சொல்ல வந்த விஷயமும். விலை ஏறியது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், நீங்கள் 2019-ல் பார்த்த அந்த எளிய படகே இப்போது விற்பனையில் இல்லை. அதே நீளத்தில் இருப்பது வேறு படகு. பெரிய எஞ்சின், தொடுதிரை, உள்ளே வண்ண விளக்கு, தண்ணீருக்குள் விளக்கு, ஸ்பீக்கர் வரிசை, மடக்கு ஏணி, தையல் போட்ட இருக்கை. சின்ன, மொட்டைப் படகில் லாபம் கொஞ்சம், கைவேலையோ கிட்டத்தட்ட அதே. அதனால் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். நீங்கள் இரண்டு விலைப்பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறீர்கள், ஆனால் ஒப்பிடுவது ஒரே பொருளை அல்ல.

இனி என் கதை. எனக்கு நடந்ததைத்தான் சொல்லத் தெரியும், எல்லா டீலரும் இப்படி என்று சொல்லவில்லை. நல்லவர்களையும் பார்த்திருக்கிறேன், டீலர் சகோதரர்கள் கருத்துப் பெட்டியில் பாய வேண்டாம்.

என் பழைய படகின் எஞ்சின் ஓய்ந்துவிட்டது. கம்ப்ரெஷன், அதாவது உள்ளழுத்தம், ஒரு சிலிண்டரில் மட்டும் விழுந்திருந்தது. சரி, அதே நீளத்தில் புதுசாகவே பார்ப்போம் என்று ஒரு டீலரிடம் போனேன். விளம்பரத்தில் இருந்த தொகை வலிக்கும், ஆனால் தாங்கும் ரகம். எழுதிக் கொடுங்கள் என்றேன். கொடுத்தார். தொழிற்சாலையிலிருந்து கொண்டுவரும் கூலி ஒரு வரி. 'தயார்படுத்தும் கட்டணம்' ஒரு வரி. எஞ்சினை மாட்டி வயர் இழுக்கும் ரிக்கிங் ஒரு வரி. பேட்டரி தனி. காகித வேலைக்கு ஒரு வரி. எல்லாவற்றுக்கும் கீழே, சின்ன எழுத்தில், புரொப்பெல்லர் தனி!

"புரொப்பெல்லர் இல்லாமல் இது எப்படி சார் போகும்?" என்று கேட்டேன்.

"எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் சார். படகுக்குத் தகுந்த மாதிரி நீங்களே பிட்ச் தேர்ந்தெடுத்துக்கலாம், அது உங்களுக்கு வசதி."

பிட்ச் என்பது புரொப்பெல்லர் இலையின் சரிவு அளவு. பெரிய எஞ்சின்களுக்குப் புரொப்பெல்லரைத் தனியாக விற்பது வழக்கம்தான், அதில் அவர் பொய் சொல்லவில்லை. சரி, அந்த ஆடியோ சிஸ்டத்தை எடுத்துவிட்டு விலையைக் குறையுங்கள், நான் பாட்டுக் கேட்கப் போகவில்லை என்றேன். "அது பேக்கேஜ், பிரிக்க முடியாது" என்றார். கூடவே, இந்த விலை வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் என்று ஒரு மிரட்டல். வெள்ளிக்கிழமை போய்விட்டது. அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு அதே விலையைத்தான் சொன்னார்.

நான் செய்தது வேறு. பழைய படகுக்கே புது எஞ்சின் மாட்டினேன். அதற்கு முன் படகின் நிலையைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர் ஒருவரை அழைத்தேன். பிளாஸ்டிக் தலை வைத்த சுத்தியல் ஒன்று, ஈரம் காட்டும் மீட்டர் ஒன்று, இவ்வளவுதான் அவர் ஆயுதம். எஞ்சின் தொங்கும் பின்பலகையை, அதாவது டிரான்சத்தை, ஒரு மூலையிலிருந்து விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கணீரென்று வரும். உள்ளே மரம் ஊறிப் போயிருந்தால் சத்தம் 'தொப்' என்று அமுங்கிவிடும். தண்ணீர் வடிக்கும் துளையைச் சுற்றியும், எஞ்சின் போல்ட் துளைகளைச் சுற்றியும் மட்டும் அதிக நேரம் நின்றார், ஏனென்றால் தண்ணீர் உள்ளே புகும் வழி அதுதான். கீழ் போல்ட் ஒன்றின் பக்கத்தில் சத்தம் லேசாக மாறியது. மீட்டரை வைத்தார், ஈரம் காட்டியது. போல்ட்டைக் கழற்றி, துளையைச் சுரண்டிக் காயவைத்து, எப்பாக்சிப் பசை நிரப்பித் திரும்பத் துளை போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார். பிறகு படகில் ஒட்டியிருந்த தகட்டைக் காட்டி, அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் தாங்கும் என்பதைப் படிக்கச் சொன்னார். ஃபோர் ஸ்ட்ரோக் பொதுவாகப் பழைய டூ ஸ்ட்ரோக்கை விடக் கனம். கனத்தைப் பார்க்காமல் மாட்டினால் பின்பக்கம் அமுங்கிப் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

எஞ்சின், கண்ட்ரோல், கேபிள், பெட்ரோல் குழாய், சர்வேயர் கூலி எல்லாம் சேர்த்து அந்தக் கோட்டேஷனில் பாதி கூட வரவில்லை. படகு இன்று புதுசு மாதிரி ஓடுகிறது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெருமைதான்.

உடனே ஒருவர் வருவார்: 'பழைய படகுக்கு லோன் கிடைக்காது, இன்சூரன்ஸ்காரன் சர்வே கேட்பான், விற்கும்போது எஞ்சின் காசு திரும்பாது' என்று. மூன்றும் பெரும்பாலும் சரி. டிரான்சம் முழுக்க மக்கியிருந்தால் இந்த வழியே வேண்டாம் என்பதையும் நானே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அடிக்கூடு நன்றாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் என் பேச்சு.

இன்னொரு கூட்டம், 'பணக்காரன் விளையாட்டுக்கு எதற்கு அழுகை' என்று வரும். அமெரிக்காவிலும் அப்படித்தான் நினைத்தார்கள். 1990-ல் சட்டம் போட்டு, 1991 முதல் ஒரு லட்சம் டாலருக்கு மேலான படகுக்கு, கூடுதல் தொகையில் 10 சதவீதம் ஆடம்பர வரி வைத்தார்கள். பணக்காரர் வாங்குவதை நிறுத்திக்கொண்டார், படகுக் கூடத்தில் ரோலர் பிடித்தவருக்கு வேலை போனது. 1993-ல் வரியை எடுத்துவிட்டார்கள்.

பேச்சு வந்ததால் சொல்கிறேன், விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. படகு வைத்திருப்பவனுக்கு விருந்தாளிகளால் வரும் தொல்லை தனி. லைஃப் ஜாக்கெட்டைக் கொடுத்தால், 'போட்டோவுக்கு நல்லா இருக்காது, அப்புறம் போட்டுக்கறேன்' என்பார்கள். எந்த அப்புறம்? விழுந்த அப்புறமா? என் படகில் ஜாக்கெட் மாட்டாமல் கயிறு அவிழாது. இதனால் எனக்கு முசுடு என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். கரைக்கு வந்ததும் உப்புத் தண்ணீரைக் கழுவிவிட ஒருவர் நிற்க மாட்டார், எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிடும்.

சரி, காத்திருக்கலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பட்டியல் விலை குறையும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை. ஆனால் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. டீலர் தன் முற்றத்தில் நிற்கும் படகுகளை அநேகமாகக் கடன் வாங்கித்தான் நிறுத்தியிருப்பார், மாதாமாதம் வட்டி ஓடும். அமெரிக்க மத்திய வங்கி வட்டி 2022 மார்ச்சில் ஏறக்குறைய பூஜ்யம், 2023 ஜூலையில் 5.25 முதல் 5.5 சதவீதம். வட்டி ஏறினால் உங்கள் தவணை ஏறும், ஆனால் விற்காத படகு அவருக்கும் வலிக்கும். புது வருட மாடல் வந்து இறங்கியதும், பழைய வருட மாடல் ஒன்று மூலையில் நிற்கும் பாருங்கள், பேரம் அங்கே பேசுங்கள். சீசன் முடிந்து யாரும் வராத மாதத்தில் பேசினால் இன்னும் நல்லது. அப்போதும் விளம்பர விலையைப் பேசாதீர்கள். தண்ணீரில் இறக்கிச் சாவி கையில் தரும் வரைக்குமான மொத்தத் தொகையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். கூலி, தயார்படுத்தும் கட்டணம் மாதிரியான வரிகளில்தான் அவருக்கு விட்டுக்கொடுக்க இடம் இருக்கும்.

வருடத்துக்குப் படகு விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்குப் போகும் என்று படகுக்காரர்கள் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள். நிறுத்தும் வாடகை, இன்சூரன்ஸ், அடிப்பக்கப் பெயிண்ட், உலோகம் அரிக்காமல் காக்கும் துத்தநாகக் கட்டி, எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லர் எல்லாம் அதில் அடக்கம். படகு விலை ஏறினால் இதில் சிலவும் கூடவே ஏறும் என்பதால், முதல் தொகையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். வருடத்தில் கொஞ்ச நாள்தான் தண்ணீரில் இருப்பீர்கள் என்றால் சந்தா கட்டும் படகு கிளப் மலிவாக வரும். படகுகளும் மெர்க்குரி எஞ்சினும் செய்யும் பிரன்ஸ்விக் நிறுவனமே 2019-ல் ஃப்ரீடம் போட் கிளப்பை வாங்கியது. படகு விற்பவனே வாடகைப் பக்கம் கால் வைக்கிறான் என்றால், எல்லாராலும் இனி வாங்க முடியாது என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குக் கிளப் ஒத்துவராது, அடுத்தவர் ஓட்டிய எஞ்சினை நம்பி நான் கரையை விட மாட்டேன். உங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லாமல் இருக்கலாம்.

கோட்டேஷன் ஏற்கெனவே கையில் இருந்தால் டீலர் பெயரை மறைத்துவிட்டுக் கீழே போடுங்கள். எந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.