விலா தெரியும் குட்டிக்கு எடை ஏற்றுவது எப்படி?

செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் ஜெர்மன் ஷெப்பர்ட் ஆண் குட்டிக்கு நாலு மாதம் ஆகிறது. எடை 11 கிலோ. காலையும் இரவும் பால்சோறு அல்லது தயிர்சோறு, நடுவில் பிஸ்கட், வர்க்கி. தட்டைத் துடைத்து நக்கிவிடுகிறது. ஆனாலும் முதுகெலும்பு தெரிகிறது, வயிறு மட்டும் உப்பியிருக்கிறது. கால்சியம் சிரப்பும் நெய்யும் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
வாசகி, கோத்தகிரி

பதில்: சிரப் வேண்டாம். வாங்கிவிட்டீர்கள் என்றால் திறக்க வேண்டாம். ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் அந்த வயிற்றைக் கவனியுங்கள்.

இந்த இனத்து ஆண் குட்டி நாலு மாதத்தில் ஏறக்குறைய 15 முதல் 18 கிலோ இருக்கும். 11 கிலோ குறைவுதான். உடம்பு வற்றி வயிறு மட்டும் பெருத்திருந்தால் முதல் சந்தேகம் குடற்புழு. உருண்டைப் புழு தாயின் கருப்பையிலேயே குட்டிக்குள் போய்விடும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாக வரும். விற்றவர் "புழு மருந்து கொடுத்தாச்சு" என்று சொல்லியிருப்பார். ஒரு தடவை போதாது. மருந்து கொல்வது குடலில் இருக்கும் புழுவைத்தான். உடலின் மற்ற பாகங்களில் இருக்கும் இளம்புழுக்கள் அதற்குப் பிறகு குடலுக்கு வந்து சேரும். அதனால்தான் இரண்டு வார வயதில் தொடங்கி, தாய்ப்பால் மறக்கும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுக்கச் சொல்கிறோம். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தம் குடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், தீவனத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

கால்நடை மருந்தகத்துக்குப் போகும்போது அன்று காலை போட்ட மலத்தில் ஒரு சிறு நெல்லிக்காய் அளவு, மண் ஒட்டாத மேல்பகுதியாக எடுத்து, மூடியுள்ள டப்பாவில் கொண்டுபோங்கள். காக்சிடியா, ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் கிருமிகள் வழக்கமான புழு மாத்திரைக்குச் சாகாது. ஜியார்டியா ஒரு நாள் மலத்தில் தெரியாமல் அடுத்த நாள் தெரியலாம். மலம் இளகியே இருந்தால் மூன்று நாள் மாதிரி பார்ப்பது நல்லது.

மருந்தின் அளவும் தீவனத்தின் அளவும் எடையை வைத்துத்தான். கண்ணால் மதிப்பிடாதீர்கள். கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசு பக்கத்தில் இருந்தால் குட்டியைக் கூடையில் உட்காரவைத்து மாட்டலாம், கூடையின் எடையைக் கழித்துவிடுங்கள். வாரத்தில் ஒரே கிழமை, காலை வெறும் வயிற்றில் நிறுத்துக் காலண்டரில் எழுதுங்கள்.

இனி சாப்பாடு. வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கிலோ கலோரியும், 3 கிராமுக்குக் குறைவான புரதமும்தான். வளரும் குட்டிக்குத் தேவையான புரதம் சேர்வதற்குள் வயிறு நிரம்பிவிடும். தட்டு காலியாவதும் உடம்பு வற்றுவதும் ஒன்றாக நடப்பது இதனால்தான். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் குறைந்துகொண்டே வரும், பால்சோறு கழிச்சலில் முடியும். வர்க்கியும் பிஸ்கட்டும் மைதாவும் கொழுப்பும்தான், நிறுத்திவிடுங்கள்.

11 கிலோ குட்டி சும்மா படுத்திருக்கவே நாளைக்குச் சுமார் 420 கிலோ கலோரி வேண்டும். நாலு மாதம் வரை அதில் மூன்று மடங்கும், அதன்பின் இரண்டு மடங்கும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் குட்டி அந்த எல்லையில் நிற்கிறது, இழந்ததையும் பிடிக்க வேண்டும். இரண்டரை மடங்கு, அதாவது சுமார் 1,050 கிலோ கலோரி கொடுங்கள். இதைக் கடையில் பையில் விற்கும் உலர் நாய்த்தீவனமாகக் கொடுங்கள். அதில் 100 கிராமுக்குப் பெரும்பாலும் 350 முதல் 400 கிலோ கலோரி இருக்கும், பையிலேயே போட்டிருப்பார்கள். ஆக நாளைக்கு ஏறக்குறைய 280 கிராம், நாலு வேளையாக 70 கிராம் வீதம். பழைய சாப்பாட்டிலிருந்து ஒரே நாளில் மாற்றாதீர்கள். இரண்டு நாள் கால் பங்கு, இரண்டு நாள் அரைப் பங்கு, இரண்டு நாள் முக்கால் பங்கு, ஏழாம் நாள் முழுதாக. வாரம் அரை முதல் ஒரு கிலோ வரை ஏறினால் அளவு சரி. ஏறாவிட்டால் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். மலம் இளகினால் முந்தைய அளவுக்கு வந்து, இரண்டு நாள் விட்டு மறுபடி மெல்ல ஏற்றுங்கள்.

பையில் "பெரிய இனக் குட்டிகளுக்கு" என்று இருக்கிறதா, கால்சியம் 1 முதல் 1.5 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சிரப் வேண்டாம் என்றதன் காரணம் இங்கேதான் வருகிறது. வளர்ந்த நாய் வேண்டாத கால்சியத்தைக் குடலில் உறிஞ்சாமல் வெளியே விட்டுவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியால் அது முடியாது, கொடுத்ததில் பெரும்பகுதி உள்ளே போய்விடும். கிரேட் டேன் என்ற பெரிய இனக் குட்டிகளை வைத்து நெதர்லாந்தின் உட்ரெக்டில் செய்த ஆய்வுகளில், கூடுதல் கால்சியம் தின்ற குட்டிகளின் எலும்பு வளர்ச்சியே கோணிப்போனது. முழுத் தீவனத்தின் மேல் சிரப்பை ஊற்றுவது காசு கொடுத்து முடம் வாங்குவதுதான்.

அப்படியானால் வீட்டுச் சாப்பாடே போதாதா என்றால், இந்த வயதில் கடினம். 1,000 கிலோ கலோரிக்குச் சுமார் 3 கிராம் கால்சியமும், அதற்குக் கொஞ்சம் குறைவாகப் பாஸ்பரசும் வேண்டும். கோழியும் சோறும் இரண்டையும் போதிய அளவு தராது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் கால்சியம் மட்டும் ஏறி விகிதம் கெடும். ஆகவே பத்தில் ஒன்பது பங்கு தீவனம் இருக்கட்டும். மீதிக்கு ஒரு வேகவைத்த முட்டையும் கொஞ்சம் வெந்த கேரட்டும் போதும். நெய் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 130 கிலோ கலோரி இருந்தாலும் புரதம் கிடையாது, இளகிய வயிற்றை இன்னும் இளக்கும்.

குளிரும் எடையைத் தின்னும். மார்கழி, தை இரவுகளில் சிமென்ட் தரையில் படுக்கும் குட்டி, தின்றதில் ஒரு பகுதியைச் சூட்டுக்கே எரித்துவிடும். தரையிலிருந்து நாலு விரல் உயர்ந்த பலகை, மேலே உலர்ந்த சாக்கு, காற்று வராத மூலை. அதுவும் வீட்டுக்குள்ளே. சிறுத்தை வரும் ஊரில் குட்டியை வாசலில் கட்டக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: பத்து மாத ஜெர்மன் ஷெப்பர்ட். இரண்டு நாய்ச் சாப்பாடு தின்கிறது, எலும்பும் தோலுமாக இருக்கிறது. சாணி மாதிரி குவியலாக, வெளிர் நிறத்தில் போகிறது. புழு மருந்து மூன்று முறை கொடுத்தாயிற்று.
வாசகர், கூடலூர்

பதில்: அளவை இன்னும் கூட்டிப் பயனில்லை. தின்பது செரிக்காமலே வெளியேறுகிறது. கணையம் செரிமான நொதிகளைச் சுரக்காத நோய் இந்த இனத்தில் அதிகம். டி.எல்.ஐ. என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டு ரத்தம் எடுக்க வேண்டும். உங்கள் மருத்துவரே எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். நோய் உறுதியானால் ஒவ்வொரு வேளைத் தீவனத்திலும் நொதிப் பொடி கலக்க வேண்டும், ஆயுள் முழுக்க. வைட்டமின் பி12 குறைந்திருந்தால் ஊசியும் சேரும். செலவு உண்டு. ஆனால் பெரும்பாலான நாய்கள் நன்றாகத் தேறிவிடும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பூண்டை நசுக்கிக் கொடுத்தால் நாய்க்குட்டிக்குப் புழு போகுமா?
வாசகர், பூம்பாறை

பதில்: போகாது. பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கொக்கிப்புழுவால் ஏற்கெனவே ரத்தம் குறைந்த குட்டிக்கு அது இரட்டை அடி. மலைப்பூண்டை ரசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரண்டு மாத கிரேட் டேன் குட்டி. தின்ற கொஞ்ச நேரத்தில் அப்படியே கக்கிவிடுகிறது. மறுபடி அதையே தின்கிறது.
வாசகி, கொடைக்கானல்

பதில்: வயிறு குலுங்கி, ஓங்கரித்து எடுக்கிறதா, தலையைக் குனிந்ததும் தின்றது உருளையாக வழுக்கி விழுகிறதா என்று கவனித்து, முடிந்தால் செல்போனில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாவது மாதிரி என்றால் உணவு இரைப்பைக்கே போகவில்லை. உணவுக்குழாய் விரிந்து தளர்ந்திருக்கலாம், அல்லது இதயத்தை ஒட்டிய ரத்தக்குழாய் பிறவியிலேயே அதை இறுக்கியிருக்கலாம். முதலில் எக்ஸ்ரே எடுப்பார்கள். இறுக்கம் என்றால் அறுவை சிகிச்சை உண்டு, தள்ளிப்போடக் கூடாது. அதுவரை கஞ்சிப் பதத்தில், குட்டியின் முன்கால்களைப் படியில் உயர்த்தி வைத்து ஊட்டுங்கள். முடிந்தபின் கால் மணி நேரம் அப்படியே நிமிர்த்திப் பிடியுங்கள். கக்கியது மூச்சுக்குழலில் போனால் நிமோனியா வரும். இருமலோ காய்ச்சலோ வந்தால் இரவென்றும் பாராமல் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஐந்து மாத ராஜபாளையம் குட்டி. பார்ப்பவர்கள் எல்லாம் "சோறு போடுவதில்லையா" என்கிறார்கள். ஓடுகிறது, விளையாடுகிறது, மலம் கெட்டியாக இருக்கிறது. பக்கத்து வீட்டு லேப்ரடார் மாதிரி ஆக்க என்ன செய்யலாம்?
வாசகர், தாண்டிக்குடி

பதில்: ஒன்றும் செய்யாதீர்கள். ராஜபாளையம் வேட்டை நாய், ஒட்டிய வயிறும் கடைசி ஓரிரு விலா லேசாகத் தெரிவதும் அதன் உடல்வாகு. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்தினால்தான் கவலை. உள்ளங்கையை விலாவில் வைத்துத் தடவுங்கள்: அழுத்தாமலே விலாக்களை எண்ண முடிந்து, மேலே மெல்லிய சதை இருந்தால் அதுவே சரியான எடை.

அந்த லேப்ரடாரைப் பார்த்துப் பொறாமைப்படவும் வேண்டாம். 48 லேப்ரடார்களை 24 ஜோடிகளாக்கி, ஜோடியில் ஒன்றுக்குக் கால் பங்கு குறைத்துப் போட்டு ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-ல் வெளியானது. குறைவாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் இறந்திருந்த வயது) 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் மெலிந்தவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.