விடை வந்த பிறகும் ‘தீர்வு இல்லை’ ஏன்?

கேள்வி: க/(க − 3) + 2 = 3/(க − 3). இதைத் தீர்த்தால் எனக்கு க = 3 வருகிறது. கைடில் ‘தீர்வு இல்லை’ என்று போட்டிருக்கிறது. எந்த வரியில் தப்பு?
– பத்தாம் வகுப்பு மாணவி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: வரிகள் எல்லாம் சரி. இருபுறமும் (க − 3) ஆல் பெருக்கினால் க + 2(க − 3) = 3; அதிலிருந்து 3க = 9, க = 3. ஆனால் அந்த 3-ஐ முதல் சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள், பகுதி (பின்னத்தின் கீழே உள்ளது) பூச்சியமாகிவிடும். பூச்சியத்தால் வகுக்க வழியில்லை, அதனால் 3 தீர்வாகாது.

அப்படியானால் அது எப்படி உள்ளே வந்தது? பெருக்கிய இடத்தில்தான். க = 3 என்றால் (க − 3) பூச்சியம். 5 = 7 என்பதைக்கூடப் பூச்சியத்தால் பெருக்கினால் 0 = 0 ஆகிவிடுமே! அதனால் பெருக்கும் முன்பே பகுதியைக் காரணிப்படுத்தி, அதைப் பூச்சியமாக்கும் மதிப்பை, அதாவது விலக்கப்பட்ட மதிப்பை, ஓரத்தில் எழுதிவிடுங்கள். பகுதி க² − 9 என்றால் 3, −3 இரண்டுமே விலக்கு. (க − 3)/(க² − 9) சுருங்கி 1/(க + 3) ஆன பின்னும் 3 விலக்குதான். (க − 3)-ஐ அடித்துவிட்டதால் மட்டும் 3 ஏற்கத்தக்கதாகிவிடாது.

இந்தக் கணக்கில் பலர் மதிப்பெண் விடுவது வேறு இடத்தில். பின்னம் இல்லாமல் தனியாக நிற்கும் 2-ஐப் பெருக்க மறந்து க + 2 = 3 என்று எழுதி, க = 1 என முடிப்பார்கள். சரிபார்த்தால் இடப்பக்கம் 3/2, வலப்பக்கம் −3/2.

கேள்வி: சேலத்திலிருந்து ஏற்காடு 30 கி.மீ. எனக் கொள்வோம். ஏறுவதைவிட இறங்கும் வேகம் மணிக்கு 10 கி.மீ. அதிகம். போக, வர இரண்டரை மணி நேரம். ஏறும் வேகம் 20, −6 என இரண்டு விடை வருகிறது. −6 பகுதியைப் பூச்சியமாக்கவில்லையே, ஏன் விட வேண்டும்?
– வாசகர், ஏற்காடு

பதில்: நல்ல கேள்வி. ஏறும் வேகம் வ என்றால் சமன்பாடு 30/வ + 30/(வ + 10) = 5/2. மீச்சிறு பொது மடங்கு 2வ(வ + 10). அதனால் பெருக்கி, 5 ஆல் வகுத்தால் வ² − 14வ − 120 = 0; அதாவது (வ − 20)(வ + 6) = 0. விலக்கப்பட்டவை 0, −10 மட்டுமே. −6-ஐப் போட்டால் −5 + 7½ = 2½, கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆக, சமன்பாட்டுக்கு அதுவும் தீர்வுதான். மலையேறும் வண்டிக்குத்தான் அது ஆகாது, வேகம் குறை எண்ணாக இருக்க முடியாதே. விடைத்தாளில் ‘பகுதி பூச்சியம்’ என்று எழுதாமல், ‘வேகம் மிகை எண் என்பதால் −6 ஏற்கத்தக்கதல்ல’ என்று எழுதுங்கள். 20-க்குச் சரிபார்ப்பு: ஏற 1½ மணி, இறங்க 1 மணி.