செடி தானே செய்யும் மருந்து: கேள்வி பதில்

ஹட்டன்: எங்கள் மலை பழைய விதைத் தேயிலை. ஒரு செடியின் கொழுந்தில் கொப்புள நோய், பக்கத்துச் செடி சுத்தமாக நிற்கிறது. எந்த மரபணு காரணம்?

பதில்: ஒன்றைக் கைகாட்ட முடியாது. தேயிலை அயல் மகரந்தத்தில் காய்ப்பது, அதனால் விதைத் தேயிலையில் ஒவ்வொரு செடியும் வேறு வேறு. கட்டெக்கின் (தேயிலைக்குத் துவர்ப்பைத் தரும், நோயைத் தடுக்க உதவும் பொருள்) போன்றவற்றைச் செய்யப் பல நொதிகள் வரிசையாக வேலை செய்ய வேண்டும், ஒவ்வொரு நொதிக்கும் ஒரு மரபணுவாவது வேண்டும். இந்த நோய் 1946இல்தான் இலங்கைக்கு வந்தது. அதற்கு முன் நட்ட செடிகளை இதைத் தாங்குமா என்று பார்த்து யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

நுவரெலியா: நோய் வந்த பிறகுதான் செடி மருந்து செய்யுமா?

பதில்: இரண்டும் உண்டு. 1940இல் முல்லர், போர்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் உருளைக்கிழங்கில், தொற்ற முடியாத கருகல் நோய்க்கிருமியை முதலில் இட்டார்கள். பிறகு வீரியமானதை இட்டபோது அது அங்கே வளரவில்லை. தாக்கிய பின் உருவாகும் இப்படிப்பட்ட பொருளுக்குப் பைட்டோஅலெக்சின் என்று பெயர். ஓட்ஸ் வேரில் இருக்கும் அவெனசின் அப்படியல்ல, நோய் வருமுன்னே இருக்கும், அதனால் புற ஊதா ஒளியில் வேர் நுனி நீலமாக ஒளிரும். ஒளிராத, அதாவது மரபணு கெட்டு அவெனசின் இல்லாமல் போன, விகாரச் செடிகளைத் தேடியெடுத்து, வேரைத் தாக்கும் பங்கசோடு வளர்த்தபோது அவை நோயில் விழுந்தன (1999இல் வந்த ஆய்வு, எனக்கு மிகவும் பிடித்தது). அதைச் செய்யும் மரபணுக்களில் பல குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன என்பது அப்புறம் தெரிந்தது.

வெலிமடை: கசப்பான ரகம் நோய் தாங்கும். இருபது வருட அனுபவம்.

பதில்: அனுபவத்தை மதிக்கிறேன், முடிவை ஏற்கமாட்டேன். தக்காளி இலையில் டொமட்டின் என்ற கசப்பான காப்புப் பொருள் நிறைய இருக்கிறது. அதிலிருந்து சர்க்கரையைக் கழற்றி வலுவிழக்கச் செய்யும் நொதி, தக்காளி இலையைத் தாக்கும் செப்டோரியா பங்கசிடம் இருக்கிறது. கசப்பை நம்பிப் பச்சை பிடித்த உருளைக்கிழங்கைத் தின்று பார்க்காதீர்கள், அதிலிருக்கும் நஞ்சு அவித்தாலும் போகாது.

பண்டாரவளை: தக்காளிக்கு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: விவசாயப் போதனாசிரியரிடம் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

தலவாக்கலை: கொப்புள நோய்க்கு எந்த மரபணு?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

வெலிமடை: அப்போ ஓட்ஸை மட்டும் ஏன் நம்புகிறீர்கள்?

பதில்: அங்கே ஒரு மரபணு கெட்டதும் மருந்தும் போனது, நோய் தாங்கும் சக்தியும் போனது. ஆனால் வேரைத் தாக்கும் அந்தப் பங்கசின் இன்னொரு வகையிடம் அவெனசினைச் சிதைக்கும் நொதி இருக்கிறது, அது ஓட்ஸையும் தாக்கும். உங்கள் கசப்பு ரகத்தையும் கசப்பில்லாததையும் ஒரே பாத்தியில் மாற்றி மாற்றி நட்டு, ஒரு போகம் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையோடு வாருங்கள், நான் கேட்கத் தயார்.