யார் பாதை, யார் வண்டி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலை ரயில் கட்டுரையில், குன்னூர் பாதையை ஒரு கம்பெனி போட்டது, இன்னொரு கம்பெனி ஓட்டியது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என் தாத்தா குன்னூரில் பிரேக்ஸ்மேனாக இருந்தவர். "மெட்ராஸிலிருந்து ஊட்டிக்கு வர்றவன் மூணு பேருக்குத் தண்டம் அழுதுட்டுத்தான் வரணும்" என்பார். போட்டிக் கம்பெனிகள் ஒருவர் தண்டவாளத்தில் இன்னொருவர் வண்டியை எப்படி விட்டார்கள்? இப்போது பேசப்படும் தனியார் ரயிலும் அதே கதைதானா?

அருவங்காட்டிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

தாத்தாவின் மூன்று சரிதான். 1908-க்குப் பிந்தைய கணக்கு அது. சென்ட்ரலிலிருந்து ஜோலார்பேட்டை வரை மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா கம்பெனி. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை சவுத் இந்தியன் ரயில்வே. அதற்கு மேலே மலைப்பாதை சர்க்காருக்குச் சொந்தம், ஓட்டியது அதே சவுத் இந்தியன். ஆக, இரண்டு கம்பெனியும் ஒரு சர்க்காரும்.

தண்டவாளம் யாருடையது, இஞ்சின் யாருடையது, டிக்கெட் காசு யாருக்குப் போகிறது என்ற மூன்றையும் நாம் இன்று ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். அன்று மூன்றும் தனித்தனி. நீலகிரிப் பாதையையே பாருங்கள். 1885-இல் ஒரு கம்பெனி தொடங்கி, 1891-இல் வேலையை ஆரம்பித்து, கைக்காசு தீர்ந்து படுத்துவிட்டது. 1896-இல் வந்த புதுக் கம்பெனிதான் 1899 ஜூனில் குன்னூர் வரை வண்டியைக் கொண்டுவந்தது. ஆனால் பாதையை ஓட்டும் பொறுப்பு ஒப்பந்தப்படி மெட்ராஸ் ரயில்வே கையில். நிலத்தை வாரத்துக்கு விடுவது மாதிரிதான்: பாதை ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது, வரும்படியில் பங்கு. சின்னக் கம்பெனிகள் பலவும் இப்படித்தான் பிழைத்தன. 1903-இல் சர்க்கார் பாதையை வாங்கிய பிறகும் ஓட்டியது மெட்ராஸ் ரயில்வேயே.

இதில் போட்டி ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேட்டுப்பாளையம் வரை அகலப் பாதை, அதற்கு மேல் மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை. கீழே ஓடும் வண்டி மேலே ஏறவே முடியாது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஒட்டி ஓடும். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி வைத்திருப்பார்கள், எந்நேரமும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்க வேண்டும் என்பதற்காக. 12 அடிக்கு ஒரு அடி ஏற்றம் என்றால் சும்மாவா? வண்டி அந்தப் பல்லில் ஏறும் இடத்தில் டிரைவர் எப்படி வேகத்தைக் குறைப்பார் என்று தாத்தா உங்களுக்குச் சொல்லியிருப்பார். பல்சக்கரம் இல்லாத இஞ்சினை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி என்ன உரிமை வாங்கியும் இங்கே பிரயோஜனமில்லை.

உண்மையான அடிதடி இங்கிலாந்தில் நடந்தது. அங்கே அடுத்தவன் பாதையில் தன் இஞ்சினையும் தன் டிரைவரையும் வைத்து ஓட்ட, சுங்கம் கட்டி ஓட்டுரிமை வாங்கலாம். மிட்லண்ட் கம்பெனிக்கு லண்டனுக்குச் சொந்தப் பாதை கிடையாது. 1858 முதல் ஹிச்சினிலிருந்து கிங்ஸ் கிராஸ் வரை கிரேட் நார்தர்ன் கம்பெனியின் பாதையில் ஓட்டினார்கள். சிக்னல் யார் கையில்? பாதைக்காரன் கையில். தன் வண்டியை விட்டுவிட்டு விருந்தாளி வண்டியை நிறுத்திவைப்பதற்கு எந்த ஒப்பந்தமும் குறுக்கே நிற்காது. 1862-இல் லண்டன் கண்காட்சிக்குக் கூட்டம் குவிந்தபோது மிட்லண்ட் வண்டிகள் ஏகத்துக்குத் தேங்கின. வெறுத்துப்போய்த் தனிப் பாதை போட்டு, 1868-இல் கிங்ஸ் கிராஸுக்குப் பக்கத்திலேயே செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனைத் திறந்தார்கள்.

வடக்கே இன்னும் வேடிக்கை. இங்கிள்டன் என்ற ஊருக்கு மேல் ஸ்காட்லாந்து பக்கம் போக, லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் கம்பெனியின் தயவு வேண்டும். மிட்லண்டின் பயணிப் பெட்டியை அவர்கள் நிலக்கரி வண்டியின் வாலில் கோத்து அனுப்புவார்களாம். "நாங்களே பாதை போட்டுக்கொள்கிறோம்" என்று மிட்லண்ட் 1866-இல் பார்லிமெண்டில் அனுமதி வாங்கியது. எதிராளி பயந்து இறங்கி வந்தான். சரி, பாதை வேண்டாம் என்று மிட்லண்ட் திரும்பிப் போனபோது, அந்தப் பாதையால் பலன் எதிர்பார்த்த மற்றக் கம்பெனிகள் மறித்தன. பார்லிமெண்டும் விடவில்லை. மிரட்டலுக்குச் சொன்னதைக் கட்டியே தீர வேண்டியதாயிற்று. 1876-இல் பயணிகளுக்குத் திறந்த செட்டில்–கார்லைல் பாதை அதுதான்.

நம் பக்கம் ஏன் இப்படி நடக்கவில்லை? கம்பெனிக்காரர்கள் இங்கே வந்து நல்லவர்களாகிவிட்டார்களா என்ன! 1908 வாக்கில் இந்தப் பெரிய பாதைகளெல்லாம் சர்க்கார் கைக்கு வந்துவிட்டன. கம்பெனிகள் ஒப்பந்தத்துக்கு ஓட்டுகிறவர்கள் மட்டும்தான். 1907 முடிவில் மெட்ராஸ் ரயில்வேயின் ஒப்பந்தம் தீர்ந்ததும், ஜோலார்பேட்டையில் கோடு போட்டு வடக்கு மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டாவுக்கு, தெற்கும் மலையும் சவுத் இந்தியனுக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். பேசி முடிக்க வேண்டியது சொந்தக்காரர். அவரோ ஒருவர்தான். போட்டிப் பாதை போடக் காசும் இல்லை, தேவையும் இல்லை. ஊட்டிக்கு வண்டி போனதும் அதே 1908 அக்டோபரில்தான்.

சரக்கு வேகன்தான் நித்திய தகராறு. அவன் வேகன் இவன் பாதையில் பத்து நாள் கிடந்தால் வாடகை யார் தருவது, உடைந்து திரும்பினால் யார் தலையில் கட்டுவது? 1903-இல் அமைந்த இந்தியன் ரயில்வே கான்ஃபரன்ஸ் அசோசியேஷன் இதற்கெல்லாம் விதி வகுத்தது. வேகன் கைமாறும் இடத்தில் இரு தரப்புக்கும் சேராத பரிசோதகர் ஒருவர் நின்று, எது உடைசல், எது காணவில்லை என்று குறிப்பெழுதுவார். 'நியூட்ரல்' டிரெயின் எக்ஸாமினர் என்று பேர். அந்தப் பதவி கம்பெனிகள் மறைந்த பிறகும் நீடித்தது. 1951-இல் எல்லாம் சதர்ன் ரயில்வே ஆன பின்னும் எல்லைச் சண்டை மட்டும் சாகவில்லை. 2007-இல் சேலம் கோட்டம் பிரிந்து மலைப்பாதை பாலக்காட்டிலிருந்து கைமாறியபோது கேரளத்தில் எழுந்த கூச்சல் உங்களுக்கு நினைவிருக்கும்.

தனியார் ரயில் அதே கதை இல்லை. 2022 ஜூனில் கோவையிலிருந்து ஷீரடிக்கு விட்ட பாரத் கௌரவ் என்ற தனியார் சுற்றுலா வண்டியில் இஞ்சினும் டிரைவரும் ரயில்வேயுடையவர்கள். தனியார் நிறுவனம் ரயில்வேயின் பெட்டிகளைக் குத்தகைக்கு எடுத்து, இழுவைக் கட்டணம் கட்டி, டிக்கெட் விற்றது. மிட்லண்ட் வாங்கிய ஓட்டுரிமை வேறு. அதில் அவன் டிரைவரே வந்து உன் சிக்னலுக்குக் காத்து நிற்பான். உங்கள் பாதையில் தனியார் வாடகைக்கு வண்டி எடுத்தாலும், அதைக் கல்லாறிலிருந்து பின்னால் நின்று தள்ளிக்கொண்டு ஏற்றப்போவது குன்னூர் ஷெட்டின் இஞ்சின்தான்.